ஓதிய தண்ணீர்

என் கணவர் முஸ்தஃபா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், அவருடைய சட்டைப் பையில் ஒரு சீப்பையும் சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன பாட்டிலையும் வைத்து அனுப்பினேன். சீப்பு அவர் கேட்டது. பாட்டில் நான் வைத்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் ஸம்ஸம் தண்ணீர் கொடுப்பார்களே, அந்த மாதிரி உருண்டையான பிளாஸ்டிக் பாட்டில். அதில் ஓதிய தண்ணீர் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அந்த இன்னொன்று அவருக்குத் தெரியாது.

கடை என் நானாவுடையது. நானா என்றால் எங்களில் அண்ணன். ஷேக் அலாவுதீன் என்று பெயர். எங்கள் ஊர் ஜார்ஜ்டவுனில் பாதிப் பேருக்கு அவர் கறியின் வாசனை தெரியும், மீதிப் பேருக்கு அவர் கோபம் தெரியும். நாசி கண்டார் கடை என்றால் சோறு ஒரு சாக்குத்தான், குழம்புக்குத்தான் ஆள் வருவார்கள். கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் தலைக் குழம்பில் ஒரு கரண்டி, மாட்டிறைச்சியின் கறுப்புக் குழம்பில் ஒரு கரண்டி என்று கலந்து ஊற்றுகிற கை முக்கியம். பல வருஷம் அந்தக் கை என் மச்சானுடையதாக இருந்தது. புருஷனை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வரிசையில் நிற்பவர் வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், கடை நிரம்பி வழிகிற நேரத்தில், அவர் மீன் தலைக் குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கொட்டினார். யாரோ அதில் என்னவோ கலந்துவிட்டார்கள், சாப்பிட்டால் எல்லாரும் செத்துப்போவார்கள் என்றார். சூடு பட்டுக் கைத்தோல் உரிந்தது. அது அவருக்குத் தெரியவேயில்லை. வீட்டில் அந்தப் பேச்சு அதற்கும் முன்பே ஆரம்பித்திருந்தது. நான் வைத்த தட்டை முகர்ந்து பார்ப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தேத்தண்ணியைக் கொட்டிவிடுவார். ஒரு நாள் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நீ கலக்கலன்னு சொல்லு மர்ஜானா.”

“அல்லா மேல ஆணையா நான் எதையும் கலக்கல மச்சான்,” என்றேன். சொன்ன அன்றைக்கு அது உண்மை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபாஷினி இதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சொன்னார். தமிழில் மனச்சிதைவு என்றார். சிதைந்து விழுவதற்கு மனம் என்ன பழைய கடைவீடா என்று எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே கோபம் வந்தது. ஆனால் டாக்டர் தங்கமான பெண். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அடங்கும், வேலைக்கும் போகலாம், எத்தனையோ பேர் போகிறார்கள் என்றார். வேலை என்று கேட்டதும் இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதுவரை அவர் எதற்கும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் மாத்திரையை என் எதிரிலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நானும் நம்பினேன். பிறகு ஒரு நாள் சோற்றில் வாசனைக்குப் போடப் பண்டான் இலை பறிக்கப் போனபோது, தொட்டி மண்ணில் அத்தனை மாத்திரையும் பல்லி முட்டை மாதிரி கிடந்தது. சண்டை போட்டேன். அழுதேன். அவர் சத்தம் போடவில்லை. அது உடம்புக்குள்ளே போனால் தான் தானாக இருக்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான். அந்த வாரமே மறுபடி தட்டை முகர ஆரம்பித்தார்.

நானா டத்தோ கிராமாட்டில் ஓதிப் பார்க்கிற ஒரு ஹஜ்ரத்திடம் அவரைக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். குர்ஆன் வசனங்களை ஓதி ஒரு பெரிய போத்தல் தண்ணீரில் ஊதிக் கொடுத்தார், தீர்ந்தால் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லியே அனுப்பினார். இவர் காதில் முதல் பாதிதான் ஏறியது. அந்தத் தண்ணீரை மட்டும் முகர்ந்து பார்க்காமல் குடித்தார். மாசக்கணக்கில் என் கையால் எதையும் நம்பி வாங்காத ஆள், கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஷைத்தான் கொடுத்த யோசனையா, பொண்டாட்டியின் யோசனையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவரால் மாத்திரை விழுங்க முடியவில்லை என்றேன். தண்ணீராகவே வருகிற மருந்து இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். தேத்தண்ணியில் வேண்டாம், வெறும் தண்ணீரில் கலந்து குடிக்கலாம் என்றார். வெறும் தண்ணீர்தான் என்னிடம் இருந்ததே. அவருக்குத் தெரிந்துதானே கொடுக்கப்போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். தெரியும் டாக்டர் என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் பாத்திஹா ஓதிவிட்டுத்தான் கலப்பேன். யாரை ஏமாற்ற ஓதினேனோ, அல்லாவுக்குத்தான் தெரியும். மருந்துக்கு நிறமில்லை. கசப்பும் அதிகமில்லை. இரண்டு மில்லி அளந்து ஊற்றிப் பாட்டிலைக் குலுக்கினால் ஒன்றுமே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன்.

அவர் தேறினார். அதுதான் பெரிய கொடுமை. முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. கிளினிக்குக்குப் போகும் நாட்களில், டாக்டர் மருந்தைப் பற்றிக் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போவேன். அவர் அழகாகத் தலையாட்டுவார். வெளியே வந்ததும் தள்ளுவண்டியில் எனக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுப்பார். டாக்டரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்று அவருக்கு ஒரே குஷி. “நீ இல்லன்னா என்னைய மறுபடி உள்ள போட்டுருப்பாங்க,” என்று சொல்லித் தன் கரண்டியால் எனக்கு ஊட்டிவிடுவார். நானும் வாயைத் திறப்பேன். அந்த செண்டோலின் இனிப்பு இப்போது நினைத்தாலும் நாக்கில் ஒட்டுகிறது.

நானா அவரை வேலைக்குக் கூப்பிட்டபோது உடனே கரண்டியைக் கொடுத்துவிடவில்லை. பின்கட்டில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். மச்சினன்தானே என்று மற்றவர்கள் சலுகை காட்டக் கூடாது என்று எல்லாரிடமும் கறாராகச் சொன்னார். இவர் வெங்காயம் உரித்தார். பிறகு சோறு அள்ளினார். கை முன்னைவிட மெதுவாகத்தான் போனது, லேசாக நடுங்கவும் செய்தது. மருந்தின் வேலை அது என்று எனக்குத் தெரியும். பழக்கம் விட்டுப்போச்சு, வந்துரும் என்று அவர் சொல்லிக்கொள்வார். ஒரு நாள் நானா தானாகவே விலகி நின்று குழம்புக் கரண்டியை அவர் பக்கம் நீட்டினார். அன்று நான் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வேலை பார்க்கிற ஜவுளிக் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போயிருந்தேன். இவர் எனக்கும் ஊற்றினார். கோழி கொஞ்சம், மீன் கொஞ்சம், கறுப்புக் குழம்பு நிறைய. அவர் ஊற்றியதை நான் எதையும் பார்க்காமல் சாப்பிட்டேன்.

வேலைக்குப் போனதால்தான் அந்தச் சின்ன பாட்டில் வேண்டியதாயிற்று. வீட்டில் இருந்தவரை மதியத் தொழுகைக்குப் பிறகு கிளாசில் ஊற்றிக் கொடுப்பேன். இப்போது அந்த நேரத்தில் அவர் கடையில் இருக்கிறார். காலையிலேயே கலந்து பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துவிடுவேன். வீட்டுக்குள் இருக்கிற பொய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். வாசல்படி தாண்டிய பொய்க்கு நாம் எஜமான் இல்லை.

கடையில் தட்டு கழுவுகிற ரோஹானாவுக்கு ஹனா என்று நாலு வயதுப் பெண் பிள்ளை. கொஞ்ச நாளாகப் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு அலறுகிறதாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். ரோஹானா இதைச் சொல்லி அழுதபோது, என் மச்சான் தன் கதையை முழுசாக அவளுக்குச் சொல்லியிருக்கிறார். எப்படி இருந்தேன், எப்படி ஆனேன், மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் இந்தத் தண்ணீரிலேயே குணமானேன் என்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, அன்றைக்கு அவர் குடிக்க வேண்டிய பாட்டிலை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அதை எனக்குச் சாயங்காலம்தான் போனில் சொன்னார். நான் அப்போது ஒரு பெண்ணுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் குரலில் அத்தனை சந்தோஷம். நோயாளியாக இருந்தவன் இன்னொருத்தருக்கு உதவி செய்கிற சந்தோஷம்.

“எனக்கு ஒரு நாள் இல்லன்னா பரவால்ல. அந்தப் புள்ளைக்கு நல்லாவட்டும்.”

நான் சேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் பாதி பாவமாவது குறைந்திருக்கும். சொல்லவில்லை. ரோஹானாவுக்குப் போன் போட்டு, பெரிய போத்தலில் பல்லி விழுந்து கிடக்கிறது, இப்போதுதான் பார்த்தேன், அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்காதே, கொட்டிவிடு என்றேன். பல்லி. அந்த அவசரத்திலும் எனக்கு ஒரு பல்லி கிடைத்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

 ரோஹானா சொன்னாள். வீட்டுக்கு வந்த உடனேயே கொடுத்துவிட்டாளாம். பிள்ளை தாகமாக இருந்ததால் முக்கால்வாசி குடித்துவிட்டதாம். இப்போது தூங்குகிறது, நன்றாகத் தூங்குகிறது, தண்ணீர் வேலை செய்கிறது என்று நினைத்தேனே என்றாள். எழுப்பிப் பார் என்றேன். எழுப்பினாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. ஹனா, ஹனா என்று. முதலில் மெதுவாக, பிறகு உரக்க. பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி தோளில் சாய்கிறது என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்றேன்.

அவசரப் பிரிவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ரோஹானா அங்கே இருந்தாள். என் மச்சானும் இருந்தார். செய்தி கேட்டுக் கடையிலிருந்து ஏப்ரனோடு மோட்டார்சைக்கிளில் வந்திருந்தார். பிள்ளையைக் கட்டிலில் போட்டு விரலில் ஏதோ வயரை மாட்டியிருந்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் ரோஹானாவிடம் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பல்லி விழுந்த தண்ணீர் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பல்லி விழுந்த தண்ணீரால் பிள்ளை இப்படித் தூங்காதே என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். என்னென்ன பரிசோதனை செய்யலாம் என்று நர்ஸோடு பேச ஆரம்பித்தார். பிள்ளையின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். அது அழக்கூட இல்லை. முகத்தை மட்டும் சுளித்தது. என் பொய்க்காக அந்தச் சின்னக் கையில் குத்தினார்கள்.

“வெறும் தண்ணிதான் டாக்டர்,” என்றார் என் மச்சான், மலாயில், அவருக்கே உரிய நிதானத்தோடு. “ஓதின தண்ணி. நான் தெனம் குடிக்கிறேன். எனக்கு ஒன்னுமே செய்யல.”

அவருக்காகத்தான் மறைத்தேன், அவர் தாங்க மாட்டார் என்றுதான் மறைத்தேன் என்று அத்தனை மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது அது அத்தனையும் உதிர்ந்துபோயிற்று. நான் மருந்தின் பெயரைச் சொன்னேன். இரண்டு மில்லி என்றேன். எப்போது கலந்தேன் என்றும் சொன்னேன். கைப்பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். அதை எங்கே போனாலும் கூடவே வைத்திருப்பேன், வீட்டில் இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடுமே.

யாருடைய மருந்து என்று டாக்டர் கேட்டார். என் கணவருடையது என்றேன். அவர் எங்கே என்றார். இவர்தான் என்று கையைக் காட்டினேன்.

என் மச்சான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தப் புட்டியைப் பார்த்தார். அதன்மேல் ஒட்டியிருந்த தன் பெயரைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், மற்றவர்களுக்குப் புரியாதபடி மெதுவாகச் சொன்னார்.

“அப்ப நான் சொன்னது சரிதான்.”

  அவர் நோயில் சொன்ன ஒரே ஒரு பொய்யை, நான் மெனக்கெட்டு உட்கார்ந்து உண்மையாக்கிவிட்டிருந்தேன்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து மைலோ கேட்டதாம். அல்ஹம்துலில்லாஹ் என்று ஆயிரம் தடவை சொன்னேன். அது என்னை மன்னிப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இல்லை என்றும் தெரிந்தே சொன்னேன். ரோஹானா என்னைத் திட்டவில்லை. காலிப் பாட்டிலை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். பேச வேண்டியதை என் மச்சானிடம் பேசினாள். உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நீங்கள் நல்லது நினைத்துத்தான் கொடுத்தீர்கள் என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானா வீட்டுக்கு வந்தார். இவர் அறைக்குள் இருந்தார். நானா குரலைத் தாழ்த்திக்கொண்டு, விஷயம் கடை முழுக்கப் பரவிவிட்டது, வாடிக்கையாளர் காதுக்கும் போயிருக்கும், கொஞ்ச நாள் அவர் வீட்டில் இருக்கட்டும், இந்த அதிர்ச்சியில் மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

“கலந்தது நான், நானா. பொய் சொன்னதும் நான். வேலைய மட்டும் அவரு விடணுமா?”

சரி, வரட்டும் என்று நானா எழுந்தார். பைத்தியம் என்று பெயர் எடுத்தவன் செய்யாததற்கும் தண்டனை அனுபவிப்பான், புத்தியுள்ளவள் என்று பெயர் எடுத்தவள் செய்ததற்கும் தப்பித்துக்கொள்வாள். இதுதான் ஊர் நியாயம். நானாவிடம் சண்டை போட்டு நான் அதைத் தடுத்தேனே தவிர, அந்த நியாயத்தின் நிழலில் நானும்தான் இத்தனை நாள் சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் எழுந்து கடைக்குப் போனார். சாப்பாட்டுப் பையை எடுக்கவில்லை. நான் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய் மேசையில் இருந்தது. அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்கவில்லை. கடையில், எல்லாரும் சாப்பிடுகிற சட்டியிலிருந்து, தானே அள்ளிச் சாப்பிட்டார். குழாயிலிருந்து தானே பிடித்துக் குடித்தார். மருந்து உள்ளே போகவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.  எந்த வாயால் சொல்வேன்? மதியம் ஜவுளிக் கடையிலிருந்து போய் எதிர்வரிசைத் தூண் பக்கம் நின்று பார்ப்பேன். அவர் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மீன் தலைக் குழம்புச் சட்டிக்கு முன்னால் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். வரிசை நின்றது. நானா கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.  தூக்கிக்கொண்டு போய்க் கொட்டப்போகிறார், அதற்கும் காரணம் நான்தான் என்று நினைத்தேன். அவர் கரண்டியை உள்ளே விட்டு, கொஞ்சமாக உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். பிறகு உப்பு எடுத்துப் போட்டார். வரிசை நகர்ந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கிளினிக் நாள் வந்தது. தனியாகப் போகிறேன் என்றார். கெஞ்சிக் கேட்டு நானும் பின்னாலேயே போய் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகுநேரம் உள்ளே இருந்தார். பிறகு டாக்டர் சுபாஷினி என்னைக் கூப்பிட்டார். டாக்டர் கோபப்படவில்லை, அதுவே எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் சொன்னதை நம்பியது தன் தவறுதான் என்று மட்டும் சொன்னார். என் பொய்யை அவரும் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

என் மச்சான் டாக்டரிடம் கேட்ட கேள்வியை என் எதிரிலேயே இன்னொரு தடவை கேட்டார்.

“நான் நல்லானது தண்ணிலயா, மருந்துலயா? இவ முன்னாடி சொல்லுங்க.”

மருந்தில்தான், தண்ணீரும் உங்களுக்கு மனத்தெம்பு கொடுத்திருக்கும், ஆனால் மருந்தில்தான் என்றார் டாக்டர். மச்சான் முகம் சுருங்கியது. தன் மனபலத்தால் எழுந்தேன் என்று அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அந்தப் பெருமையையும் நான்தான் பறித்தேன், பறிக்கிறேன் என்று தெரியாமலேயே. வெளியே வந்து செண்டோல் தள்ளுவண்டியைத் தாண்டி நடந்தோம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மஃரிபு தொழுதுவிட்டு அவர் சமையல்கட்டுக்கு வந்தார். புது மருந்துப் புட்டியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், அந்தச் சீப்பு இருக்கிற பை. ஜாடியிலிருந்து ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றினார். மருந்தைச் சொட்டுக்குழாயில் கோடு வரைக்கும் உறிஞ்சி எடுத்தார்.  உதவப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கலந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்பதை அவரும் பார்த்துக்கொண்டார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார்.

“உனக்காவ இல்ல,” என்றார். “எனக்கு வேலைக்குப் போவணும்.”

சரி என்றேன். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு கிளாசை எடுத்துக் கழுவினார். அதே ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. புட்டி அங்கேயேதான், அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திரும்பி வந்து கிளாசை என் முன்னால் வைத்தார்.

“குடி.”

எடுத்தேன். வெறும் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். இந்த மனிதர் எனக்கு எதையும் செய்ய மாட்டார் என்று என் உயிருக்குத் தெரியும். ஆனாலும் உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்னால் என் கண் கிளாசுக்குள் போய்விட்டது. ஒரு கணம்தான். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“நான் எதையும் கலக்கல மர்ஜானா,” என்றார். “அல்லா மேல ஆணையா.”

அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அந்தத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.